தொழுநோய் இல்லத்துக்கு வருஷாவருஷம் போர்வையே கொண்டுபோறோம், வேற என்ன செய்யலாம்?

திறந்தகதவு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சபை வாலிபர் குழுவுல ஒரு இருபது பேர் இருக்கோம், ஜனவரி கடைசி ஞாயிறு உலகத் தொழுநோய் தினம் வருதுல்ல, அதை ஒட்டி வருஷம் தவறாம ஒரு இல்லத்துக்குப் போயிட்டு வருவோம். அங்க இருக்கறவங்க எல்லாரும் நோய் குணமாகி பல வருஷம் ஆனவங்க, முக்கால்வாசி வயசானவங்க. ரெண்டு பாட்டு பாடி ஜெபம் பண்ணி ஆளுக்கொரு போர்வை குடுத்து ஒரு போட்டோ எடுத்துட்டு மத்தியானத்துக்குள்ள கிளம்பிடுவோம். போன தடவை ஒரு தாத்தா போர்வையை மடியில வெச்சுகிட்டு என்னை மட்டும் பக்கத்துல கூப்பிட்டு, தம்பி போன வருஷத்து போர்வையே இன்னும் பிரிக்காம கிடக்கு, அடுத்த தடவை வந்தா செருப்பு கொண்டு வரியான்னு கேட்டாரு. எனக்கு அந்த நிமிஷம் முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. இத்தனை வருஷமா போறோம், ஒருத்தர்கிட்டயாவது உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டதே இல்ல. சரி செருப்பு வாங்கலாம்னு பாத்தா, கடையில கிடைக்கிற சாதா ரப்பர் செருப்பை அவங்களுக்குக் குடுக்கக்கூடாதுன்னு குழுவுல ஒருத்தி சொல்றா, ஏன்னு அவளுக்கும் சரியா சொல்லத் தெரியல. இந்த வேலையில இருந்தவங்க யாராவது இருந்தா விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

பிசியோஅக்கா:
தம்பி, நான் மிஷன் ஆஸ்பத்திரி தொழுநோய் வார்டுல 22 வருஷம் பிசியோதெரபி பாத்தவ. உங்க குழுவுல அந்தப் பொண்ணு சொன்னது சரிதான், அவளை நல்லா வெச்சுக்கோங்க.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், தொழுநோய்ல விரல் அழுகி விழறதுன்னு ஜனங்க பேசிக்கறது தப்பு. கிருமி போய் உக்கார்றது தோல்லயும் நரம்புலயும். நரம்பு செத்துட்டா அந்த இடத்துல வலி தெரியாது, சூடு தெரியாது, முள்ளு குத்தினாலும் தெரியாது. நமக்கு செருப்புக்குள்ள ஒரு சின்னக் கல்லு இருந்தா ரெண்டு அடி வெக்கறதுக்குள்ள நின்னு உதறிடுவோம். அவங்க அந்தக் கல்லோடயே நாள் பூரா நடப்பாங்க, சாயங்காலம் பாத்தா உள்ளங்கால்ல ஓட்டை. வலி இல்லாததால மறுநாளும் அதே கால்ல நடப்பாங்க, புண்ணு எலும்பு வரைக்கும் போகும், கடைசியில காலையே எடுக்கற மாதிரி ஆகிடும். மாத்திரை சாப்பிட்டு கிருமி செத்து முப்பது வருஷம் ஆனவங்களுக்கும் இது நடக்கும், ஏன்னா செத்த நரம்பு திரும்ப வராது. அந்தத் தாத்தா செருப்பு கேட்டாருன்னா அது அவரோட கால் கேக்குதுன்னு அர்த்தம்.

சாதா செருப்பு ஏன் ஆகாதுன்னா, அடி லேசா இருக்கும், முள்ளு ஏறிடும். பின்னாடி பட்டை இருக்காது, செருப்பு கழண்டு விழுந்தாகூட அவங்களுக்குத் தெரியாம வெறுங்கால்ல நடந்துட்டே இருப்பாங்க. சில செருப்புல அடிக்குள்ள ஆணி அடிச்சிருப்பாங்க, அது தேய்ஞ்சு மேல வந்தா அவ்வளவுதான். இவங்களுக்குன்னு எம்.சி.ஆர் செருப்புன்னு ஒண்ணு இருக்கு, கால் வெக்கிற பக்கம் மெத்துன்னு நுண்துளை ரப்பர், அதுக்குக் கீழ முள்ளு ஏறாத கெட்டி அடி, குதிகாலைச் சுத்திப் பட்டை, ஆணியே இல்லாம ஒட்டியும் தைச்சும் செய்வாங்க. தொழுநோய் ஆஸ்பத்திரிகள்ல செருப்பு செய்யறதுக்குன்னே ஒரு பட்டறை இருக்கும், எங்க வார்டுல நர்ஸுக்கு இருந்த மரியாதை செருப்பு தைக்கிற அண்ணனுக்கும் இருந்துச்சு. மொத்தமா ஒரே சைஸ்ல வாங்கிட்டுப் போயிடாதீங்க, ஒவ்வொரு காலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

மறுகரை:
எங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே தொழுநோய் வந்து குணமானவங்க, ஆஸ்பத்திரியிலதான் ஒருத்தரை ஒருத்தர் பாத்து கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அதனால இந்தப் பேச்சு எங்க நடந்தாலும் நான் நின்னு கேப்பேன்.

அக்கா சொன்ன செருப்பு விஷயத்துல இன்னொன்னு சேர்க்கணும். எங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரியில குடுத்த செருப்பு ரொம்ப நல்ல செருப்பு, கால்ல புண்ணே வரல, ஆனா தெருவுல இறங்கினா அந்தச் செருப்பைப் பாத்தே ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க. அந்தப் பட்டை, அந்தத் தடிச்ச அடி, கூட்டத்துல வேற யார் கால்லயும் இருக்காது. என் ஸ்கூல்ல பெற்றோர் கூட்டம் வந்தா அதைக் கழட்டி வெச்சுட்டு சாதா செருப்புல வருவாரு. ஒரு தடவை அப்படி வந்துட்டுப் போனதுல பெருவிரலுக்குக் கீழ புண்ணாகி மூணு மாசம் படுத்துட்டாரு. எனக்கு அப்ப பத்து வயசு. நான் வெக்கப்படக்கூடாதுன்னு அவர் காலைக் குடுத்தாரு, அது எனக்குப் புரியறதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. அதனால செய்யறவங்க பாக்கறதுக்கும் சாதா சாண்டல் மாதிரி செய்யணும், இப்ப நிறைய இடத்துல அப்படித்தான் செய்யறாங்க, நீங்க ஆர்டர் குடுக்கும்போது கலர் என்ன வேணும்னு அவங்களையே கேளுங்க.

போட்டோ விஷயம். தயவுசெஞ்சு எடுக்காதீங்க. எங்கம்மா கையைக் கிட்டப் போய் போட்டோ எடுத்து ஒரு பத்திரிகையில போட்டாங்க, முகத்தை விட்டுட்டு கையை மட்டும். அதைப் பாத்துட்டு அம்மா கேட்டது, இந்தக் கையால நான் உனக்குச் சட்டை தைச்சது அவங்களுக்குத் தெரியுமாடான்னு.

கேள்விக்காரன்:
நான் கிறிஸ்தவன் இல்ல, சண்டை போடவும் வரல, ரொம்ப நாளா மனசுல இருக்கற கேள்வி இது. மிஷனரிங்க தொழுநோயாளிகளைத் தேடிப் போனது சேவைக்கா மதத்துக்கா? யாரும் தொடாதவனைத் தொட்டா அவன் உங்க பக்கம் வந்துடுவான், அது ஈஸி இல்லையா? அப்புறம் அந்தக் காலத்து தொழுநோய் இல்லம்னா சுவர் கட்டி அடைச்சு வெச்ச ஜெயில் மாதிரின்னு படிச்சிருக்கேன். அதையும் யாராவது பேசணும். வெறும் புகழ்ச்சியா போனா எப்படி?

மலைப்பாதை:
கேள்விக்காரன் சகோதரருக்கு. நான் ஒரு ஆயர், இந்தக் கேள்வியை எங்க ஆளுங்களே கேக்கணும்னு நினைக்கிறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நீங்க சொன்ன ஜெயில் விஷயம் உண்மை. மருந்து இல்லாத காலம் அது. ஹான்சன்னு ஒரு டாக்டர் நார்வேல கிருமியைக் கண்டுபிடிச்சது 1873. அதுக்கப்புறமும் எழுபது வருஷத்துக்குப் பக்கமா நம்பிக் குடுக்க ஒரு மருந்து கிடையாது, நீரடிமுத்து எண்ணெயை ஊசியில ஏத்துவாங்க, அந்த வலியை நோயாளிங்க நோயைவிட பயந்தாங்க. 1940கள்லதான் டாப்சோன் வந்துச்சு. அதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே வழி பிரிச்சு வெக்கறதுதான், அதை அரசாங்கமும் செஞ்சது மிஷனும் செஞ்சது. பல இல்லங்கள்ல ஆம்பளைங்களை ஒரு பக்கம் பொம்பளைங்களை ஒரு பக்கம் வெச்சாங்க, நோய் இல்லாத பிள்ளைங்களை அப்பா அம்மாகிட்ட இருந்து பிரிச்சு வேற விடுதியில வளத்தாங்க. அன்போட செஞ்சாங்கன்னே வெச்சுக்குவோம், அந்தப் பிள்ளைக்கு அது அன்பா தெரிஞ்சிருக்காது. அதை மறைச்சுட்டு சாட்சி சொல்ல எனக்கு மனசு வராது.

நோக்கம் என்னன்னு கேட்டீங்க. கலந்துதான் இருந்துச்சு. வெல்லெஸ்லி பெய்லின்னு ஒரு அயர்லாந்துக்காரர், 1869ல வட இந்தியாவுல இருக்கற அம்பாலாவுல வாத்தியாரா வேலைக்கு வந்த இடத்துல தொழுநோயாளிங்க இருந்த குடிசைகளைப் பாத்தாரு. 1874ல டப்ளின்ல அவரும் மனைவி ஆலிஸும் சிநேகிதிங்களும் சேர்ந்து, வருஷத்துக்கு முப்பது பவுண்டு சேத்தா போதும்னு ஆரம்பிச்சதுதான் பின்னாடி பெரிய மிஷனாச்சு. சுவிசேஷம் சொல்றதும் அவங்க நோக்கத்துல இருந்துச்சு, அதை அவங்க ஒளிக்கல. ஆனா ஈஸின்னு சொன்னீங்களே, அங்கதான் எனக்குத் தாங்கல. தமியான் பாதிரியார் 1873ல, தொழுநோயாளிங்களைப் பிரிச்சு வெச்சிருந்த ஹவாயோட மொலோகாய் தீவுக்குப் போனாரு, புண்ணைக் கழுவினாரு, வீடு கட்டினாரு, சவப்பெட்டி செஞ்சாரு, கடைசியில அதே நோய் வந்து 1889ல நாப்பத்தொன்பது வயசுல செத்தாரு. அங்க இருந்தவங்க கிறிஸ்தவங்களா இல்லையான்னு பாத்து அவர் குழி வெட்டல. தமியான் மாதிரி எல்லாரும் இருந்தாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா உதவி வாங்கறவன்கிட்ட விசுவாசத்தைக் கூலியா கேக்கறது பாவம்னு எங்க சபையில பகிரங்கமா பிரசங்கம் பண்ணியிருக்கேன், இங்கயும் சொல்றேன்.

வேதத்துல இருந்தும் ஒண்ணு சொல்லணும். லேவியராகமத்துல குஷ்டம்னு வர்ற எபிரேயச் சொல்லு நாம சொல்ற தொழுநோய் மட்டும் இல்ல, பலவிதத் தோல் வியாதிக்கு அந்த ஒரே பேர்தான், துணியிலயும் வீட்டுச் சுவத்துலயும் பூக்கிற பூஞ்சைக்குக்கூட அதே சொல்லைத்தான் வெச்சிருக்காங்க. அதை எடுத்து தொழுநோயைப் பாவத்தோட அடையாளம்னு நம்ம ஆளுங்க எத்தனை மேடையில பேசியிருப்பாங்க, முன்வரிசையில ஒரு நோயாளி உக்காந்திருந்தா அவனுக்கு எப்படி இருக்கும்? இயேசு செஞ்சதைப் பாருங்க, குஷ்டம் வந்த ஒருத்தரை சுத்தமாகறதுக்கு முன்னாடியே தொட்டாரு. அப்புறம் ஆசாரியன்கிட்டப் போய்க் காட்டுன்னு அனுப்பினாரு. அந்தக் காலத்துல ஆசாரியன் பாத்து சரின்னு சொன்னாத்தான் ஊருக்குள்ள விடுவாங்க. ஆக அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பற வரைக்கும் அந்த வேலை முடியல. நாமதான் இல்லம் கட்டினதோட முடிஞ்சதுன்னு நினைச்சுட்டோம்.

கேள்விக்காரன்:
ஐயா, நேரா பதில் சொன்னதுக்கு நன்றி. பிள்ளைங்களைப் பிரிச்சதை நீங்களே எடுத்து சொல்வீங்கன்னு எதிர்பாக்கல.

பிசியோஅக்கா:
ஐயா கடைசியில சொன்னதைப் படிச்சதும் எனக்கு வேலூர் கதை ஞாபகம் வந்துச்சு. எங்களுக்குப் பாடம் எடுத்தவங்க இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க.

டாக்டர் பால் ப்ராண்ட் கொல்லிமலையில மிஷனரி வீட்டுல பிறந்தவர், லண்டன்ல ஆபரேஷன் படிச்சுட்டு 1946ல வேலூர் சி.எம்.சிக்கு வந்தாரு. செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியை டாக்டர் காக்ரேன் சுத்திக் காட்டினப்ப, மடங்கிப்போன கை ஒண்ணைப் பிடிச்சு என் கையை அமுக்குன்னு ப்ராண்ட் சொல்லியிருக்காரு, அந்த ஆளு அமுக்கின அமுக்குல இவருக்கு உயிர் போற வலி. அப்பதான் புரிஞ்சுச்சு, கை செத்துப் போகல, சில தசை நல்ல பலமாவே இருக்கு, சிலதுக்கு மட்டும் நரம்பு போயிடுச்சுன்னு. நல்லா இருக்கற தசைநாரை எடுத்து வேற வழியா கொண்டுபோய் விரல்ல கட்டினா கை விரியும். அப்படித்தான் அந்த ஆபரேஷன் ஆரம்பிச்சது. கண் மூட முடியாதவங்களுக்கு நெத்திப்பொட்டுல இருக்கற மெல்லற தசையில இருந்து ஒரு பட்டையை இமைக்குக் கொண்டு வந்து ஒரு ஆபரேஷன் உண்டு, அதுக்கப்புறம் பல்லைக் கடிச்சா கண் மூடும், நான் உக்காந்து பழக்கியிருக்கேன். மொத தடவை கண் மூடினதும் ஒரு அம்மா கண்ணைத் திறக்கவே மாட்டேன்னுட்டாங்க.

ராத்திரி நல்லா இருந்த விரல் காலையில காணாமப் போகும், நோய்தான் தின்னுடுச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க. முழிச்சிருந்து பாத்தா எலி கடிக்குது, வலி தெரியாததால தூங்கிட்டே இருக்காங்க. அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பூனை குடுத்தாங்க. இதுல மருந்து எதுவும் இல்ல பாருங்க, பக்கத்துல உக்காந்து பாத்ததுதான்.

ஆனா அங்கயும் ஒரு அடி விழுந்துச்சு. கையைச் சரி பண்ணி அனுப்பினா சில பேர் கவலையோட திரும்பி வந்தாங்க, கை நல்லா ஆனதும் பிச்சை விழல, வேலையும் யாரும் குடுக்கலன்னு. அதுக்கப்புறம்தான் நவஜீவ நிலையம்னு சின்னச் சின்ன வீடா கட்டி தச்சு வேலை மாதிரி தொழில் கத்துக் குடுத்தாங்க. 1955ல வேலூர் பக்கத்துல கரிகிரியில தொழுநோய் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி வந்துச்சு. மேரி வர்கீஸ்னு ஒரு டாக்டர், 1954ல வண்டி விபத்துல இடுப்புக்குக் கீழ அசைவு போயிடுச்சு, சக்கர நாற்காலியில உக்காந்துகிட்டே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் செஞ்சாங்க. எனக்கு வேலையில சோர்வு வந்த நாள்ல எல்லாம் அவங்களைத்தான் நினைச்சுக்குவேன்.

திறந்தகதவு:
அக்கா, ஐயா, அண்ணா எல்லாருக்கும் நன்றி. இழையை அப்படியே குழுவுல வாசிச்சோம், ரொம்ப நேரம் யாரும் பேசல. ஒரு சிக்கல், ரெண்டு பேர் வீட்டுல அங்க போய் கால் கையெல்லாம் தொட்டா ஒட்டிக்கும்னு பயப்படறாங்க. என்ன பதில் சொல்றது?

சிறுதுளி:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், கணக்கு ஆரம்பிச்சதே இதைக் கேக்கத்தான். எனக்கு முழங்கைக்கு மேல ஒரு வெளிறின தேமல் இருக்கு, எட்டு மாசமாச்சு, அரிக்கல, வலிக்கல. அக்கா எழுதினதைப் படிச்சுட்டு ஊசி வெச்சு லேசா குத்திப் பாத்தேன், அந்த இடத்துல மட்டும் தெரியல. சுண்டுவிரல் பக்கம் மதமதன்னு இருக்கு. வீட்டுல சொல்லல. எங்க சொந்த அக்காவுக்கு கல்யாணப் பேச்சு நடக்குது.

பிசியோஅக்கா:
சிறுதுளி, மொதல்ல உனக்கு. ஊசியெல்லாம் இனிமே குத்தாத. நாளைக்கே அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கோ பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போ, நான் எழுத்துல பாத்து இதுதான்னு சொல்ல முடியாது, ஆனா சுரணை இல்லாத தேமலும் சுண்டுவிரல் மதமதப்பும் சேர்ந்து இருந்தா தள்ளிப் போடவே கூடாது. முழங்கைக்குப் பின்னாடி ஒரு நரம்பு ஓடுது, அது வீங்கினா விரல் மடங்கும். இப்பவே மருந்து குடுத்தா காப்பாத்திடலாம், ஒரு வருஷம் கழிச்சு வந்தா என்கிட்ட வர்ற மாதிரி ஆகிடும், என்கிட்ட வராம இருக்கறதுதான் நல்லது. ஒருவேளை அதுவேதான்னு சொன்னாலும் 6 மாசமோ 12 மாசமோ மாத்திரை, அவ்வளவுதான். கூட்டு மருந்தை 1981ல உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு பண்ணுச்சு, 1995ல இருந்து உலகம் பூரா இலவசம். மாசத்துக்கு ஒரு நாள் அவங்க முன்னாடி முழுங்கச் சொல்வாங்க, அன்னைக்கு சிறுநீர் சிவப்பா போகும், பயந்துடாத, மருந்தோட நிறம் அது. ஒரு மாத்திரையால தோல் கொஞ்சம் கருக்கும், மருந்து நின்னதும் மெல்ல மெல்ல வெளுத்துடும். நடுவுல திடீர்னு தேமல் சிவந்து வீங்கினாலோ கை பலம் குறைஞ்சாலோ மருந்து ஒத்துக்கலன்னு நீயா நிறுத்திடாத, அன்னைக்கே ஓடு, அதுக்குத் தனி மருந்து இருக்கு.

திறந்தகதவு தம்பி, உன் கேள்விக்கும் இதுலயே பதில் இருக்கு. இந்தக் கிருமி தொட்டதால ஒட்டறது இல்ல. மருந்து சாப்பிடாத ஒருத்தரோட நெருங்கி ரொம்ப நாள் இருந்தா மூக்கு, வாய் வழியா வர்ற துளியில பரவலாம், அப்பவும் பெரும்பாலான ஜனங்களுக்கு இயற்கையாவே எதிர்ப்பு சக்தி இருக்கு. மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அவங்ககிட்ட இருந்து பரவறது நின்னுடும். அந்த இல்லத்துல இருக்கறவங்க எப்பவோ குணமானவங்க, அவங்க கால்ல இருக்கறது வலி இல்லாததால வந்த புண்ணு. 22 வருஷம் தினமும் வெறுங்கையால எத்தனையோ கையைப் பிடிச்சு நீவி விட்டிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல.

மறுகரை:
சிறுதுளி தம்பி/தங்கச்சி, யாருன்னு தெரியாது, நேர்ல கூட வர ஆள் வேணும்னா தனிச்செய்தி அனுப்பு. வெக்கப்பட இதுல ஒண்ணுமே இல்ல. கல்யாணப் பேச்சுன்னு சொன்னியே, தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேக்கலாம்னு நம்ம நாட்டுச் சட்டத்துல இருந்ததை 2019லதான் எடுத்தாங்க. எங்கம்மா அந்தச் செய்தியை என்னை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க.

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள், குஷ்டரோகிங்கற வார்த்தையை விட்டுடுங்க. பாட்டுல ஜெபத்துல வந்தாலும் மாத்திப் பாடுங்க. பெய்லி ஆரம்பிச்ச மிஷன்கூட 1965ல அந்த மாதிரி வார்த்தையைத் தன் பேர்ல இருந்து எடுத்துச்சு. எங்கப்பா குணமாகி நாப்பது வருஷம் உயிரோட இருந்தாரு, செத்த அன்னைக்கும் ஒருத்தர் அந்தப் பேரைச் சொல்லித்தான் துக்கம் விசாரிச்சாரு.

சிறுதுளி:
போயிட்டு வந்தேன். அதுதான்னு சொன்னாங்க, 6 மாசம். மொத மாத்திரையை அங்கயே போட்டுகிட்டேன். அக்கா சொன்ன மாதிரி சிவப்பா போச்சு, நீங்க சொல்லலன்னா பயந்திருப்பேன். வீட்டுல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க, அம்மாகிட்ட இன்னைக்கு ராத்திரி சொல்லப் போறேன்.

மலைப்பாதை:
பேர் தெரியாட்டியும் உங்களுக்காக ஜெபிக்கிறேன் பிள்ளை. அம்மா தாங்கிக்குவாங்க.

திறந்தகதவு:
சிறுதுளி, எங்க குழுவே உங்களை நினைச்சுகிட்டு இருக்கு. சொல்லிட்டு வந்து எழுதுங்க.

எங்க முடிவு இது. போர்வை இல்ல, போட்டோ இல்ல. இல்லத்துப் பொறுப்பாளர்கிட்ட பேசி, பக்கத்துல ஒரு மிஷன் ஆஸ்பத்திரி செருப்புப் பட்டறையில ஆர்டர் குடுக்கப்போறோம், மொத்தப் பணமும் இல்ல, பன்னெண்டு பேருக்கு வருது, மிச்சப் பேருக்கு மூணு மாசத்துல. ஜனவரி மட்டும் இல்லாம மாசம் ஒரு சனிக்கிழமை நாலு நாலு பேரா போறதா பேசியிருக்கோம். தாத்தாகிட்ட கலர் கேட்டேன், கருப்பு வேணாம் காப்பிப்பொடி கலர்னாரு. பட்டறையில கால் அளவு எடுத்துட்டு வரச் சொன்னாங்க, அதை எப்படி எடுக்கறது அக்கா? போற அன்னைக்கு வேற என்ன செய்யலாம்?

பிசியோஅக்கா:
அளவு உக்கார வெச்சு எடுக்காதீங்க, எழுந்து நின்னு பாரத்தைக் காலுல போட்டாத்தான் பாதம் விரியும். முடியாதவங்களை ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சுக்கோங்க. அட்டையில நிக்க வெச்சு பென்சிலைச் செங்குத்தா பிடிச்சு சுத்தி வரையணும், சாய்ச்சா அளவு குறைஞ்சிடும். ரெண்டு காலும் தனித்தனியா, எந்த விரல் மடங்கியிருக்கு, எங்க காய்ப்பு இருக்குன்னு அட்டையிலயே குறிச்சுக்கோங்க. புண்ணு திறந்திருந்தா அந்தக் காலுக்கு அளவு எடுக்காதீங்க, மொதல்ல ஆஸ்பத்திரி.

செருப்பு வந்ததும் போட்டு விட்டுட்டுக் கிளம்பிடாதீங்க. மொத நாள் அரை மணி நேரம்தான், கழட்டி எங்கயாவது சிவந்திருக்கா சூடா இருக்கான்னு உங்க கையால தடவிப் பாருங்க, அவங்களுக்குத் தெரியாது, உங்க கைக்குத்தான் தெரியும். சிவந்திருந்தா பட்டறைக்குத் திருப்பி அனுப்பணும். மறுநாள் ஒரு மணி நேரம், இப்படிக் கூட்டிகிட்டே போகணும்.

வேற என்ன செய்யலாம்னு கேட்டியே, தினம் அவங்க கால் ஒரு இருபது நிமிஷம் சாதா தண்ணியில ஊறணும், சுடுதண்ணி வேண்டவே வேண்டாம், அப்புறம் சொரசொரப்பான கல்லுல காய்ப்பை மெதுவா தேய்ச்சு, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவணும். கண்ணு மங்கினவங்களுக்கு உள்ளங்காலைத் தானா பாக்க முடியாது. நீங்க போற சனிக்கிழமை நாலு பேருக்கும் நாலு பேசின் எடுத்துட்டுப் போங்க, தரையில உக்காந்து கழுவி விட்டுகிட்டே பேசுங்க, இருபது நிமிஷத்துல அவங்க நிறைய சொல்லுவாங்க. விரல் இடுக்கைத் துடைக்க மறந்துடாதீங்க.